இது நம்ம சைரன் இல்ல

இன்று காலை டிபன் கேரியரின் மேல்மூடி கைதவறித் தரையில் விழுந்தது. அந்தச் சத்தத்தில் எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுவிட்டது. நெளிந்துபோன மூடிதானே, பழைய பாத்திரக்காரனிடம் போட்டுவிடலாம் என்றாள் மருமகள். "தொட்டுப் பாரு, அப்புறம் தெரியும்" என்று கத்திவிட்டேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? உனக்கல்லவா தெரியும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நம் ரேடியோ ஃபாக்டரிப் பெண்களை ஒரு பஸ்ஸில் அடைத்து நீலகிரிக்கு டூர் கூட்டிப்போனார்களே, ஞாபகம் இருக்கிறதா? மைசூர் வரைக்கும் பாட்டு, அதற்குமேல் வாந்தி. மறுநாள் மலைமேல் நடை. ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் ஓர் ஏரி, அடுத்த மேட்டுக்கு அப்பால் இன்னொன்று. அல்சூர் ஏரியை விட்டால் வேறு ஏரி பார்த்திராத நாம் வாயைப் பிளந்துகொண்டு நடந்தோம்.

வழிகாட்டி ஒரு மலைக்காரர். கழுத்தில் விசில். பனி இறங்கினால் நீளமாக ஊதுவேன், அவரவர் இருக்கிற இடத்திலேயே நில்லுங்கள் என்று காலையிலேயே கன்னடத்தில் சொல்லியிருக்கிறார். கடைசியில் வந்த நமக்கு எங்கே காதில் விழுந்தது? ஊறுகாயை யார் மறந்தது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது ஏரிக்கரையில், கூட்டத்தை விட்டுத் தள்ளி ஒரு பாறையில் கேரியரைப் பிரித்தோம். எலுமிச்சைச் சாதத்தில் கை வைப்பதற்குள் பனி மூடிக்கொண்டது. ஏரி இல்லை, மரம் இல்லை, மற்றவர்களின் பேச்சுக்குரல்கூட இல்லை. அப்போது விசில் நீளமாகக் கேட்டது. நம் ஃபாக்டரியில் சைரன் நீளமாக ஊதினால் ஷிஃப்ட் முடிந்தது என்று அர்த்தம். கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கால் தானாக கேட்டைப் பார்த்துப் போகும். நீயும் சடாரென்று எழுந்தாய்.

"வுட்டாச்சுடி, வா வா!"

"ஏய், நில்லுடி!" என்று கேரியரோடு உன் பின்னால் ஓடிவந்தேன். எதிரே லால்பாக் தோட்டம் போலப் பச்சைப் புல். நீ கால் வைத்தாய். அடியில் சேறு, முழங்கால் வரை உள்ளே போனது. இழுக்கப் பார்த்தாய், இடுப்பு வரை போய்விட்டாய்.

குப்புறப் படுத்து உன் கையைப் பிடித்தேன். இழுத்தால் நானும் வழுக்கினேன்.

"நான் ஓடிப்போய் ஆளுங்களக் கூட்டியாறேன்டி."

"போவாத. இந்தப் பனியில திரும்பி வந்து என்னை எங்கன்னு தேடுவ? கைய வுடாத."

இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்தினோம். யாரோ பதில் கொடுத்தார்கள், எந்தப் பக்கமிருந்து என்று தெரியவில்லை. ஒரு கையில் உன்னைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கேரியர் மூடியைக் கல்லில் அடிக்க ஆரம்பித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். உன் விரல்கள் ஐஸாகிவிட்டன.

"எதுனா ஆச்சுன்னா எம் பாப்பாவ நீ..."

"வாய மூடுடி சனியனே! உம் பாப்பாவ நீயே வந்து பாத்துக்கோ!"

திட்டிக்கொண்டே அழுதேன்.

"நில்லி! அல்லே நில்லி!" என்று அங்கேயே நிற்கச் சொல்லும் குரல் கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. வழிகாட்டி கம்பளியைச் சுருட்டி வீசினார், உன் அக்குளுக்கடியில் கொடுத்து இழுத்தோம். செருப்பு இரண்டையும் சேறு வைத்துக்கொண்டது. "நிந்த்கோ அந்த்ரே யாக்கம்மா ஹோதே?" நிற்கச் சொன்னால் ஏன் போனாய் என்று அவர் திட்ட, பல் தந்தியடிக்கும் குரலில் நீ, "எங்க ஊர்ல விசில் ஊதினா வூட்டுக்குப் போவோம்பா" என்றாய். அந்த மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் உன்னைச் சும்மா விட்டேனா? கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் ரயில் ஊதினாலும், உன் வீட்டில் குக்கர் ஊதினாலும், "உக்காருடி, இது நம்ம சைரன் இல்ல" என்பேன். அடிக்க வருவாய்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் முடிந்ததற்கு மணி அடித்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர்களைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் எழுந்து போனார்கள். "மணி அடிச்சுட்டாங்க, நீ கெளம்பு" என்றாய். குரலே இல்லை.

"இது நம்ம சைரன் இல்லடி" என்றேன்.

உன் உதடு மட்டும் சிரித்தது. வார்டு ஆயா வந்து "எழுந்திரும்மா, டயம் ஆச்சு" என்று சத்தம் போட்டாள். நான் எழுந்திருக்கவில்லை. உன் விரல்கள் ஏரிக்கரையில் இருந்த மாதிரியே சில்லிட்டிருந்தன. நீ போய்விட்டாய், அந்தக் குளிர் மட்டும் என் உள்ளங்கையை விட்டு இன்னும் போகவில்லையடி.