யாரும் சொல்லாத கூற்று

வியாழன், இரவு

யாமினிக்கு நாளை தமிழ்த் தேர்வு. சாப்பிடும்போது கட்டுரைப் பாடத்தை என்னிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். ஒருவர் அடித்துச் சொல்வது கூற்று, அதை நிரூபிப்பது சான்று, அதை மறுத்துப் பேசுவது எதிர்வாதம்.

"ஒரு எடுத்துக்காட்டு சொல்லு பாக்கலாம்" என்றேன்.

"'இது கைத்தறிப் பட்டு'ன்னு சொன்னா அது கூற்றும்மா. எந்தத் தறியில யாரு நெய்தாங்கன்னு காட்டுனாதான் சான்று."

ஆரணியில், பட்டுப்புடவைக் கடைக்காரர் வீட்டில் பிறந்த பிள்ளைக்குப் புடவையைத் தவிர வேறென்ன தோன்றும்? நான் சிரித்துவிட்டேன். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள் அப்பா சிரிக்கவில்லை.

"நம்ம கடையில எவனும் பவர்லூம் புடவையக் கைத்தறின்னு விக்கல. சாப்புடும்போது இன்னா பேஜாரு இது" என்று பிசைந்த சோற்றை அப்படியே விட்டு எழுந்து போனார்.

"பாத்தியாம்மா, அப்பா சொன்னாரே, அதான் எதிர்வாதம்" என்றாள் யாமினி.

இப்போது பக்கத்தில் படுத்திருக்கிறார். தூங்குகிறவர் மாதிரிதான் இருக்கிறார். கொஞ்ச நாளாகப் புடவை மூட்டைகள் கடையின் பின்வாசல் வழியாக ஏன் வருகின்றன என்று நான் கேட்டதில்லை. பிள்ளையும் கடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பவர்லூம் புடவை விற்கிறீர்கள் என்று யாருமே கூற்று வைக்கவில்லையே. அதற்குள் எதிர்வாதம் எங்கிருந்து வந்தது?