பத்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி

ஜூன் 2

அன்புள்ள சுண்டெலிக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்க வேண்டியதில்லை, கைபேசியைத் திறந்தால் தெரிகிறது. உன் பையின் பட்டையில் மாட்டி அனுப்பினேனே அந்த ஆரஞ்சுக் கருவி, நீ இருக்கும் இடத்தைக் கைபேசி வரைபடத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு புள்ளியாகத் தவறாமல் வைக்கிறது. நான் வாங்கியதிலேயே உருப்படியான பொருள் அதுதான்.

இந்தப் பொட்டலத்தில் ஓட்ஸ், சூப் பொடி, உலர்ந்த பழம், இரண்டு ஜோடி காலுறை. மலைக் குடில்களுக்குச் சாமான் ஏற்றிப்போகும் கழுதைக்காரர் கொண்டுவந்து தருவார்.

நேற்று மதியம் நாற்பது நிமிடம் ஒரே இடத்தில் நின்றாயே, ஏன்? எனக்குக் கை ஓடவில்லை. லிஃப்டைப் பாதி கழற்றிப் போட்டுவிட்டு உன் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அண்ணே, லிஃப்ட் இன்னைக்கு ஓடுமா, இல்ல நாங்க வீட்டைக் கீழ இறக்கிக்கணுமா?" என்று அந்த அடுக்குமாடிக் காவலாளி வந்து கேட்டுவிட்டுப் போனான்.

செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். அவை என்னை மதிப்பதில்லை.

உன்,
லிஃப்ட்காரன்


ஜூன் 5

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

பொட்டலம் வந்தது. காலுறைக்குக் கோடி நன்றி.

நாற்பது நிமிடக் கணக்கு இதோ. முதல் பத்து நிமிடம் புதருக்குப் பின்னால் இருந்தேன். மீதி முப்பது, ஓடையில் காலை விட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். திருப்தியா?

எக்ஸ்ரே அறையில் பதினெட்டு வருடமாக வருகிறவர்களிடமெல்லாம் "அசையாதீங்க, மூச்சை அடக்குங்க" என்று சொல்லிச் சொல்லி, அது எனக்கே ஒட்டிக்கொண்டது. அதை உதறத்தான் இந்த இருபத்தாறு நாள் நடை. ஆனால் முதுகில் நீங்களும் ஏறிக்கொண்டு வருகிறீர்கள். உட்கார்ந்தால், அவர் என்ன நினைப்பாரோ என்று எழுந்துவிடுகிறேன். இதே பாதையில் ஒரு பேக்கரிக்காரம்மாவும் தனியாக நடக்கிறார். என் வயதுதான். அவர் விடும் குறட்டையில் குடிலே ஆடும். "என்னம்மா, வீட்டுக்காரரைப் பையிலயே போட்டுத் தூக்கிட்டு வந்துட்டியா?" என்று அவர் கேட்டபோது நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு உங்கள் மேல் எரிச்சல் வந்தது.

ஒன்று கேட்கிறேன். பதின்மூன்றாம் தேதி பாதை இரண்டாகப் பிரிகிறது. கீழ்ப்பாதை ஆற்றோரம் போகிறது, மேல்பாதை மலைமுகட்டில். மாலையில் இரண்டும் ஒரே குடிலில் வந்து சேரும். அன்று மட்டும் கருவியை அணைத்துவிட்டு மேல்பாதையில் போகட்டுமா? நான் எங்கே இருக்கிறேன் என்று யாருக்கும் தெரியாத ஒரு நாள் என் வாழ்க்கையில் இருந்ததே இல்லை. ஒரே ஒரு நாள்.

அன்புடன்,
சுண்டெலி


ஜூன் 8

அன்புள்ள சுண்டெலிக்கு,

வேண்டாம்.

கோபித்துக்கொள்ளாதே. விடுமுறை நாளில் பூட்டிய அலுவலகத்தில் ஒரு பெரியவர் லிஃப்டுக்குள் ஒன்பது மணி நேரம் கிடந்தாரே, அந்தக் கதவை நெம்பித் திறந்தவன் நான். "நான் உள்ள இருக்கறது யாருக்குமே தெரியலை தம்பி" என்றுதான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தக் குரல் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை.

கருவியை அணைத்தால் ஒரு மணி நேரத்தில் என் கைபேசி அலறும். நான் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன், சத்தியமாக. மற்றபடி உன் இஷ்டம்.

உன்,
லிஃப்ட்காரன்


ஜூன் 13, மாலை

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

ஒரு திருட்டுத்தனம் செய்துவிட்டேன். காலையில் பேக்கரிக்காரம்மா குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தபோது, உங்கள் கருவியை அவர் பையின் ஓரத்து அறையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன். அவருக்குத் தெரியாது. அவர் கீழ்ப்பாதையில் போனார். மாலையில் இங்கே வந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். உங்களுக்குப் புள்ளி கிடைக்கும், எனக்கு என் நாள் கிடைக்கும்.

மூன்று மணி நேரம் ஏற்றம். நாக்கு வெளியே தள்ளிவிட்டது. பழக்கதோஷத்தில் பட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே ஏறினேன், பிறகு கை அதை மறந்துவிட்டது. முகட்டில் காற்று தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போனது. பன்னிரண்டு கிலோ பையோடு துரத்திக்கொண்டு ஓடி விழுந்தேன். முழங்கால் சிராய்த்துவிட்டது. இதை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது. இதோ, உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

ஒரு பெரிய பாறையில் படுத்துக்கிடந்தேன், எவ்வளவு நேரம் என்று எனக்கே தெரியாது. உரக்கப் பாடினேன். நீங்கள் இருந்திருந்தால் ஜன்னலைச் சாத்தியிருப்பீர்கள். ஓரிடத்தில் வழி தவறி, வந்த வழியே அரைமணி நேரம் திரும்பி நடந்தேன். பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் வேறு யாராவது கூட இருந்திருக்கலாம் என்று தோன்றவில்லை. இறங்கும்போது ஒரு திருப்பத்தில் கீழே முழுக்க மேகம், நான் மேலே. நாற்பத்து நான்கு வயதில் இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வரும் என்று நினைக்கவே இல்லை.

சண்டைக்காகச் சொல்லவில்லை. வருடத்துக்கு ஒரு நாளாவது எனக்கு இப்படி வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பேசுவோம். இந்த முறை நான் விடுவதாக இல்லை.

பேக்கரிக்காரம்மாவை இன்னும் காணோம். கீழ்ப்பாதை சுலபம் என்றுதான் எல்லோரும்

பாதியில் நிறுத்திவிட்டேன். குடில்காரர் வந்தார். என் பெயரைக் கேட்டார், சொன்னேன். ஏற இறங்கப் பார்த்தார். "இப்பத்தான் ரேடியோவுல சொன்னாங்க. நீங்க கால் உடைஞ்சு ஆஸ்பத்திரியில இருக்கீங்களாம்" என்றார்.

ஐயோ, நான் என்ன செய்துவிட்டேன்.


ஜூன் 15, ஆஸ்பத்திரி

சுண்டெலிக்கு,

உன் கடிதத்தைக் கழுதைக்காரர் இன்று காலை இங்கேயே கொண்டுவந்து கொடுத்தார்.

புள்ளி பதினொன்று பத்துக்கு மேல் நகராமல் ஒரே இடத்தில் நின்றது. உன் கோபத்துக்குப் பயந்து பன்னிரண்டரை வரை பொறுத்தேன். பிறகு மீட்புக்காரர்களைக் கூப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். ஐந்து மணி நேரம் ஓட்டினேன். வழியில் என்னவெல்லாம் நினைத்தேன் என்று எழுத மாட்டேன். வார்டில் போர்வைக்கு வெளியே ஒரு பாதம் தெரிந்தது. அது உன் பாதம் இல்லை என்று வாசலிலேயே தெரிந்துவிட்டது. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். நர்ஸ் தண்ணீர் கொடுத்து, நீ குடிலில் பத்திரமாக இருப்பதாக ரேடியோவில் செய்தி வந்ததைச் சொன்னார். குடித்து முடித்ததும்தான் கோபம் வந்தது.

அந்தம்மா பாதையிலிருந்து சறுக்கி, ஆற்றோரப் பாறைகளுக்கு நடுவே விழுந்திருக்கிறார். மேலே நடந்து போகிறவர்கள் கண்ணில் படாத இடம். கால் உடைந்து, ரத்தம் போய், நினைவில்லாமல் கிடந்திருக்கிறார்; கருவி உன் பெயரில் இருந்ததால் அவரை நீ என்றே நினைத்துவிட்டார்கள். இன்னும் இரண்டு மணி நேரம் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டர். நேற்று நன்றாக நினைவு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க விடாம பார்த்துக்கிட்டே இருந்தீங்களாமே. உங்க வீட்டம்மா குடுத்து வெச்சவங்க" என்றார். உன் திருட்டுத்தனம் இல்லாவிட்டால் அவர் இல்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் சுலபமான பாதையிலேயே இப்படி. நீ மேல்பாதையில் விழுந்தாய், வழி தவறினாய், நீயே எழுதியிருக்கிறாய்.

மேலே ஏறி வந்து உன்னைப் பார்க்கலாம். பார்த்தால் கத்திவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அந்தம்மாவின் தங்கை வரும்வரை இங்கே இருக்கிறேன். கருவியைத் துடைத்து, சார்ஜ் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இனி இதைப் பற்றி நமக்குள் பேச்சே வேண்டாம். சரியா?

உன்,
லிஃப்ட்காரன்


ஜூன் 17

அன்புள்ளவருக்கு,

கருவி வந்தது. மாட்டிக்கொண்டேன்.

அந்தம்மா பிழைத்தது எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நேற்றுதான் சாப்பாடே இறங்கியது. நீங்கள் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் அவர் உயிரோடு இருக்கிறார். இதற்கு மேல் என் பக்கம் சொல்ல ஒரு வார்த்தை இல்லை. வருடத்துக்கு ஒரு நாள் என்று எழுதியிருந்தேன் இல்லையா, அதை அடித்துவிடுங்கள். இனி கேட்க எனக்கு வாய் வராது. கேட்டால் அந்தம்மாவின் காலை நீங்கள் ஞாபகப்படுத்துவீர்கள். நீங்கள் சும்மா இருந்தாலும் எனக்கே ஞாபகம் வரும்.

உங்கள் மேல் கோபம் இல்லை. கோபம் வந்தால் நன்றாக இருக்கும். நீங்கள் நல்லவர், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இன்னும் ஏழு நாள் நடை மிச்சம். இன்று காலை பையை மாட்டிக்கொண்டு குடில் வாசலைத் தாண்டி ஒரு அடி வைத்தேன். நீங்கள் கைபேசியைத் திறந்திருப்பீர்கள் என்று தோன்றியது. திரும்பி வந்து பையை இறக்கி வைத்துவிட்டேன். அந்தம்மாவின் தங்கை வந்ததும் இங்கே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அதுவரை இந்தக் கட்டிலில்தான் உட்கார்ந்திருப்பேன். புள்ளி நகராது. பயந்துபோய் யாரையும் கூப்பிட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி