மூக்கை நம்பாதே அக்கா

அக்கா,

நீ தூங்குகிறாய், எழுப்ப மனசு வரவில்லை. ஆய்வகத்துக்குக் கிளம்புகிறேன். சாயங்காலம் உன் ஹோட்டல் தலைமைச் சமையல்காரர் நீ வைக்கும் வெங்காய சூப்பை ருசி பார்த்துத்தான் உன்னைத் திரும்ப வேலைக்குச் சேர்ப்பார். காய்ச்சலுக்குப் பிறகு உனக்கு வாசனையே தெரியவில்லை என்பது அவருக்குத் தெரியாது.

வெங்காயமும் வெண்ணெயும் மேடையில் இருக்கின்றன. எலும்புச் சாறும் துருவிய சீஸும் ஃப்ரிட்ஜில். சூப்பின் மேல் வைக்க ரொட்டியை அறுத்துக் காயவைத்திருக்கிறேன். சூடு தாங்கும் கிண்ணங்கள் மேல் தட்டில். அடிகனமான பாத்திரத்தையே எடு.

வெங்காயம் வதங்கும்போது நிறத்தைப் பார். என் பழுப்புக் கைப்பையை அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். அந்த நிறம் வந்ததும் சாற்றை ஊற்று. அதைத் தாண்டினால் கசக்கும்.

ஜன்னலைச் சாத்தாதே. போன வாரம் கேஸ் கசிந்தது நான் வந்து சொன்ன பிறகுதானே தெரிந்தது? "நான் என்ன பச்சைக் குழந்தையாடி?" என்று நேற்று நீ கேட்டாய். இல்லைதான், ஆனாலும் ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

இதுவரை எழுதி வைத்துவிட்டு, கேஸ் பயத்தில் அடுப்பின் குமிழைக் கழற்றிக்கொண்டு படியிறங்கிவிட்டேன். திரும்பி வந்து மாட்டிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

இன்னொன்று. கீழ்வீட்டு டீச்சர் சர்க்கரை கேட்டு அடிக்கடி வருவார். அவருக்குச் சர்க்கரை வேண்டாம். மோந்து பார்க்க நான்தான் அனுப்புகிறேன். திட்டாமல் கதவைத் திற.