மேல்கோட்டைத் தாண்டிய ஆயில்

ஜூன் 4

இந்த நேரங்கெட்ட நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். சிட்டு இப்போதுதான் தூங்கினாள். ஞாயிற்றுக்கிழமை கேம்ப் ஆபீஸ் போனில் நீங்கள் பேசும்போது "சாப்பிட்டீங்களா" என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வருவதில்லை. உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் கனைப்பது இங்கே கேட்கிறது. அதனால் சொல்ல நினைப்பதையெல்லாம் இந்த நாட்குறிப்பிலேயே எழுதிவிட்டுப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புகிறேன். சுரங்கத்திலிருந்து மேலே வந்து சிக்னல் கிடைக்கும்போது படியுங்கள்.

கார் வந்ததிலிருந்து நான் தைரியமாக இருக்கிறேன் என்று நினைக்காதீர்கள். போன குளிரில் சிட்டுவுக்கு இளைப்பு வந்து, ஆம்புலன்ஸ் வருவதற்குள் பிள்ளையின் உதடு நீலம் பாரித்ததே, அந்தப் பயம் அப்படியே இருக்கிறது. அதற்காகத்தானே டீசல் வண்டி, அதுவும் அரதப்பழசு என்று தெரிந்தும் வாங்கினோம். எனக்கு அது கார் இல்லை. அவள் மூச்சுக்கு ஒரு ஸ்டெப்னி.

வண்டியோடு வந்த புத்தகத்தை இன்று முழுக்கப் படித்தேன். ஆயில் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. இந்த வண்டியின் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் பில்டர் ஒன்று இருக்கிறதாம். அதனால் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும் என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது. நீங்கள் சுரங்கத்திலிருந்து கொண்டுவந்து வைத்த நீல டப்பாவில் அப்படி எதுவும் இல்லை. லாரி படமும் மண்வாரி படமும்தான் இருக்கின்றன. ஞாயிறன்று கேட்கிறேன்.

ஜூன் 8

கேட்டேன். சிரித்தீர்கள்.

"மலையையே தோண்டற மெஷினுக்கு ஊத்தற ஆயில்மா அது. உன் டப்பா வண்டிக்குப் பத்தாதா?"

"புக்ல வேற மாதிரி போட்டிருக்குங்க."

"புக்கு எழுதறவனே ஆயில் விக்கறவன்தான். நான் தினமும் அதுலயே குளிக்கிறேன். எனக்கே பாடம் எடுக்கறியா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

கல்லூரியில் வேதியியல்தானே படித்தேன்? சாம்பல் என்றால் எரியாமல் மிஞ்சுவது. எரியாதது பில்டரில் போய் உட்கார்ந்தால் எப்படி வெளியே வரும்? போனை வைத்த பிறகுதான் இது தோன்றியது. தோன்றியும் என்ன, அதற்குள் வரிசையில் அடுத்தவர் பேச ஆரம்பித்திருப்பார்.

ஜூன் 9

கீழ்வீட்டு அண்ணன் காருக்கு அடியில் படுத்துப் பழைய ஆயிலை இறக்கிக் கொடுத்தார். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர், இப்போது வேலையில்லாமல் கை அரிக்கிறது அவருக்கு. உங்கள் ஆயிலை நான்தான் ஊற்றினேன். தேன் மாதிரி இறங்கியது. ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தேன். இரண்டு கோட்டுக்கும் சரியாக நடுவில்.

என்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் குறைந்திருந்தது. "குழாய்த் தண்ணியைப் புடிச்சு ஊத்தும்மா" என்றார்.

"துருப்பிடிக்கும்ணே."

"எனக்கும்தான் புடிச்சிருக்கு. நான் ஓடலையா?"

இருந்தாலும் கடைக்குப் போய்ப் புத்தகத்தில் சொன்ன கூலண்டையே வாங்கி ஊற்றினேன். பிரேக் ஆயிலும் மூடி உடைக்காத பாட்டிலாகக் கேட்டு வாங்கினேன். இது இரண்டையும் பற்றி உங்களிடம் கேட்கவில்லை, பாருங்கள். கேட்காததெல்லாம் சரியாக நடந்தது.

சிட்டு காருக்கு யானை என்று பெயர் வைத்திருக்கிறாள். "யானைக்கு மருந்து குடுத்தாச்சா?" என்று கேட்டாள். குடுத்தாச்சுடி.

ஜூன் 17

இந்த வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரி. வீட்டு மெஷினில் வைத்த புகைமருந்து போதவில்லை. போய், மருந்து வைத்து, திரும்பிவிட்டோம். கார் நன்றாகத்தான் ஓடுகிறது. மெதுவாகவே போகிறேன். மூன்றாவது கியருக்கு மேல் நான் போட்டதே இல்லை. என்ஜின் சூடாவதற்குள் வாசல் வந்துவிடுகிறது.

ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. புத்தகத்தில் தேடினேன். பில்டரில் கரி சேர்ந்துவிட்டதாம். நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் விடாமல் வேகமாக ஓட்டினால் அதுவாகவே எரித்துக்கொள்ளுமாம். லாரிகளுக்கு நடுவிலா? இவளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டா? பாதி வழியில் இவளுக்கு இளைத்தால்?

நாளைக்குப் போகிறேன்.

ஜூன் 18

போகவில்லை.

ஜூன் 22

நெடுஞ்சாலை ஆரம்பிக்கும் இடம் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். சிட்டு "யானைக்கு ஓடப் பயமா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வந்து குச்சியைப் பார்த்தால் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நிற்கிறது. ஊற்றியது நடுக்கோடு வரைக்கும்தான். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். கீழ்வீட்டு அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஊர்ல எல்லா வண்டிக்கும் ஆயில் குறையுதுன்னு அழுவாங்க. உனக்குப் பசு மாதிரி சுரக்குது. அதுக்கும் அழுவியா?"

உங்களிடமும் சொன்னேன். "நீ கூடுதலா ஊத்தியிருப்பே. குறைஞ்சா சொல்லு. கூடினதுக்கெல்லாம் எதுக்கும்மா பயப்படறே? பயப்படறதையே வேலையா வச்சிருக்கே."

இருக்கலாம். நான் பயந்தாங்கொள்ளிதான். ஆனால் குச்சியைத் துடைத்த துணியில் டீசல் வாசனை வருகிறது.

ஜூன் 25

இன்னும் ஏறியிருக்கிறது. ஷெட்டுக்குப் போன் செய்து மெக்கானிக்கிடம் சொன்னேன். "ஏறுதா? ஏறக் கூடாதே. சனிக்கிழமை காலையில கொண்டாங்க. அதுவரைக்கும் எடுக்காதீங்க" என்றார். எடுக்காமல் எப்படி? சரி, சனிக்கிழமைதானே.

ஜூன் 29. ஆஸ்பத்திரி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிட்டுவுக்குச் சட்டென்று இழுத்தது. விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது. ஆம்புலன்சுக்குச் சொன்னேன், நேரமாகும் என்றார்கள். எடுக்காதீங்க என்றது ஞாபகம் இருந்தது. இருந்தும் எடுத்தேன். வேறு என்ன செய்வேன்?

இரண்டு தெரு தாண்டியிருப்போம். நான் மிதிக்காமலே என்ஜின் வேகம் பிடித்தது. காலை எடுத்துவிட்டேன், இன்னும் ஏறியது. ஓரமாக நிறுத்தி நியூட்ரலில் போட்டுச் சாவியைத் திருப்பினேன். அணையவில்லை. சாவியை உருவிவிட்டேன். சாவி என் கையில் இருக்கிறது, வண்டி கத்துகிறது. அப்படி ஒரு கத்தலை நான் கேட்டதே இல்லை. பின்னாலிருந்து வெள்ளைப் புகை, தெருவே மறைகிற மாதிரி. ஜன்னல் திறந்திருந்தது. அவளுக்குக் காற்று வேண்டும் என்று நான்தான் திறந்துவைத்திருந்தேன்.

முதலில் பிள்ளையைத் தூக்கியிருக்க வேண்டும். நான் சாவியைப் போட்டுப் போட்டுத் திருப்பிக்கொண்டிருந்தேன். அது நின்றால் அவளுக்குச் சரியாகிவிடும் என்று ஏதோ ஒரு நினைப்பு. எவ்வளவு நேரமோ. பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினேன். எனக்குப் பின்னால் வண்டிக்குள் ஏதோ உடைந்து, அதுவாக நின்றது. பால் வண்டிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டார். அப்போது அவள் இருமக்கூட இல்லை.

டாக்டரம்மா: "மூச்சு வந்துடுச்சு. கொஞ்ச நேரம் மூளைக்குக் காத்து போகல. மத்தது கண் முழிச்ச பிறகுதான் தெரியும்."

இன்று நீங்கள் பேசியபோது சொன்னேன். அழுதீர்கள். வண்டி எப்படி நின்றது என்று கேட்டீர்கள். சாவியை எடுத்தும் ஓடியது என்றேன். அதன் பிறகு உங்கள் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன். போகவில்லை. நீங்கள் மூச்சு விடுவது கேட்டது. பிறகு நீங்களே வைத்துவிட்டீர்கள்.

ஜூலை 2

கண் திறந்தாள். என்னைப் பார்க்கிறாள். அம்மா என்று சொல்லவில்லை.

ஜூலை 5

மெக்கானிக் ஆஸ்பத்திரிக்கே வந்திருந்தார். கையில் பழங்களோடு வந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். நானே கேட்டேன். சொன்னார்.

பில்டர் அடைத்துப்போனால், அதை எரித்துச் சுத்தம் செய்ய வண்டி தானாகவே டீசலைக் கூடுதலாகத் தெளிக்கும். கிட்டத்திலேயே போய்ப் போய் நிறுத்தினால் பாதியில் நின்றுவிடும். எரியாத டீசல் கீழே வடிந்து ஆயிலோடு கலக்கும். குச்சியில் ஏறியது அதுதான். அளவு மீறினால் என்ஜின் தன் ஆயிலையே உறிஞ்சி எரிக்க ஆரம்பித்துவிடும். அப்புறம் சாவிக்கு அடங்காது.

"கிட்டத்துல ஓட்டினதும் ஒரு காரணம். பழைய பில்டர், பாதி அடைச்சுத்தான் இருந்திருக்கும். ஆனாலும் இவ்வளவு சீக்கிரம் முழுசா அடைக்காது. உள்ள இருந்தது லாரி ஆயில். இந்த வண்டிக்கு அது ஆகவே ஆகாது. யாரு ஊத்துனா?"

"நான்தான்."

பொய் இல்லையே. நீங்கள் கொடுத்தீர்கள், நான் ஊற்றினேன். புத்தகத்தைப் படித்தவளும் நான்தான். படித்ததை நம்பாதவளும் நான்தான்.

ஜூலை 6

போன் வரவில்லை.

ஜூலை 13

வரவில்லை. கேம்ப் ஆபீசுக்கு நானே கூப்பிட்டேன். சூப்பர்வைசர் எடுத்தார். "நல்லாதாம்மா இருக்கார். லீவு எழுதிக் குடுய்யான்னு நானே சொல்லிட்டேன். வேணாம்னு டபுள் ஷிப்ட் இறங்கறார். யார்கிட்டயும் பேச்சில்லை. வீட்ல ஏதாவது சண்டையா?"

சண்டையா? அதற்கும் ஒரு ஆள் எதிரில் வேண்டுமே.

ஜூலை 20

இன்றும் போன் இல்லை. ஆனால் அனுப்பிய பக்கங்களையெல்லாம் நீங்கள் பார்த்துவிட்டதாகப் போன் காட்டுகிறது. ஐந்தாம் தேதிப் பக்கத்தையும்.

இதையும் படியுங்கள். நேற்று டிஸ்சார்ஜ் செய்தார்கள். சிட்டு சுவரைப் பிடித்து நடக்கிறாள். வலது கையில் ஸ்பூன் நிற்கவில்லை, இடது கையால் சாப்பிடப் பழக்குகிறேன். தண்ணி, வேணாம், அம்மா. இந்த மூன்று வார்த்தைதான் இப்போதைக்கு. மற்றது வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டரம்மா. வெளியே யார் வண்டியைக் கிளப்பினாலும் இடது கையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறாள். யானை எங்கே என்று கேட்கவே இல்லை.

வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். சின்னதுதான். ஜன்னலில் நின்றால் அவசரப் பிரிவு வாசல் தெரிகிறது. தூக்கிக்கொண்டு ஓடினால் போதும். உங்களைக் கேட்காமல்தான் முடிவு செய்தேன்.

பழைய வீட்டில் மாடிப்படிக்கு அடியில் மீதி ஆயிலோடு அந்த நீல டப்பா இருக்கிறது. நான் தொடவில்லை. நீங்கள் வந்து தூக்கிப் போடுங்கள்.

ஆயிலைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாங்க. எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனால் தெரிந்துவைத்துக்கொண்டு நீங்கள் அங்கே மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தால், இங்கே நான் ஒருத்தி எத்தனை பேராக இருப்பேன்?

புது முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். என்றைக்கு வருகிறீர்கள் என்று மட்டும் சீக்கிரம் பதில் போடுங்கள்.