கலங்கிய ஷாம்பு

பிப்ரவரி 3
இருபத்து மூன்றாவது முயற்சியில் ஷாம்பு பலித்தது. முதலில் முடிக்கு மென்மை தரும் பாலிமரைத் தண்ணீரில் கரைத்தேன், பிறகு நுரைப்பானைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். புட்டியில் துளி மங்கல் இல்லை. பத்து மடங்கு தண்ணீர் சேர்த்ததும் பால் போலக் கலங்கியது! தலையை அலசும்போது பாலிமரும் நுரைப்பானும் இப்படி ஒட்டிக்கொண்டு வெளியே வந்தால்தான் முடியில் படியும், மெத்தென்று ஆகும். குடுவையோடு ஒரு சுற்று ஆடினேன்.

"அடியே இனாஸ், தண்ணி கலங்குனதுக்கா இந்த ஆட்டம்?" என்றாள் சுஹைர். பன்னிரண்டு வருடமாக ஆய்வகத்தில் பக்கத்து மேசை. அவரை மசியல் வைத்த ஃபூல் ரொட்டியில் பாதி அவளுக்கு, பாதி எனக்கு. அறிக்கையைத் தட்டச்சு செய்து தருகிறேன் என்றாள். ஆய்வக நோட்டைக் கொடுத்தேன். அறிக்கையில் யார் பெயரோ, கம்பெனி தொடங்கப்போகும் புதுப் பிரிவின் தலைமை அவருக்கு.

பிப்ரவரி 10
அறிக்கையில் சுஹைர் பெயர். என் பெயர் கடைசிப் பக்கத்தில், 'உதவி' என்று. உதவியா? நானா?

"உனக்குப் புருஷன் இருக்கான், புள்ளைங்க இருக்கு. எனக்கு இதை விட்டா என்னடி இருக்கு?" என்றாள். கண்ணைக்கூடத் தாழ்த்தவில்லை. பாவி! என் நோட்டு, என் கையெழுத்து — எப்படி மனசு வந்துச்சு உனக்கு?

பிப்ரவரி 11
ரொட்டியைப் பாதியாகப் பிய்க்கவில்லை.

பிப்ரவரி 17
மேலாளர் டாக்டர் ஷுக்ரி எல்லார் முன்னாலும் ஷாம்புவைத் தண்ணீரில் விட்டார். கலங்கியது.

"என்னம்மா இது, திரிஞ்ச பால் மாதிரி?"

"சின்னக் குறை, டாக்டர். எடுத்துடறேன்," என்றாள் சுஹைர்.

குறையாம்! வாய்வரை வந்ததை விழுங்கினேன். படட்டும்.

பிப்ரவரி 24
பாலிமரை ஏறக்குறைய எடுத்தே விட்டாள். இப்போது கலங்கவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். நானும்தான்.

மார்ச் 9
ஸ்மூஹா பேட்டை அழகு நிலையத்தில் சோதனை. "இது முடியா, தென்னை நாரா?" என்று பெண்கள் சண்டைக்கு வந்துவிட்டார்களாம். டாக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"முதல் புட்டியை என் வீட்டம்மா போட்டா, பட்டு மாதிரி இருந்துச்சு. என்னத்தை மாத்தினே, சுஹைர்?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"கலங்கறதுதான் டாக்டர் அதோட வேலையே. அதைத்தான் எடுத்துட்டாங்க," என்றேன். சொல்லும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

மார்ச் 16
புதுப் பிரிவு எனக்கு. சுஹைரைப் புட்டி நிரப்பும் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். நோட்டை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் காரணம் எழுதாமல் 'கலங்கியது!' என்று மட்டும் எழுதிய இடத்தின் ஓரத்தில், பென்சிலில், அவள் எழுத்து: 'ஏன்?' அழித்திருக்கிறாள். தடம் தெரிகிறது.

பக்கத்து மேசைதானே, சுஹைர். கேட்டிருக்கலாமே.