மாப்பிள்ளைச் சட்டையில் வைத்த மஞ்சள்

அனுப்புநர்:
வை. சோமசேகரன்,
மேல்நிலை எழுத்தர் (ஓய்வு),
தருமபுரம், காரைக்கால்.

பெறுநர்:
துணை இயக்குநர் அவர்கள்,
குடிமைப் பொருள் வழங்கல் மற்றும் நுகர்வோர் விவகாரத் துறை,
காரைக்கால்.

பொருள்: தலை தீபாவளிச் சட்டையின் காலரில் என் மனைவி வைத்த மஞ்சளைக் கறை என்று கூறி, அளவு மாற்றித் தர மறுத்த துணிக்கடை மீது பொங்கலுக்குள் நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. கடை ரசீது. 2. மேற்படி சட்டை (தனிப் பையில் உள்ளது).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. பணியில் இருந்த காலம் முழுவதும் நான் பாசனப் பிரிவில் மனுக்களைப் பெற்றுக்கொள்ளும் மேசையில் உட்கார்ந்தவன். வாய்க்கால் தூர்வாரக் கோரும் மனு, மதகுப் பலகையைக் காணோம் என்ற மனு, பக்கத்து வயல்காரர் தண்ணீரைத் திருப்பிவிட்டார் என்ற மனு என எல்லாம் என் கைக்கு வந்துதான் உள்ளே போகும். வயலிலிருந்து நேராக வருபவர் கொடுக்கும் தாளில் சேறு இருக்கும். டீக்கடையில் உட்கார்ந்து எழுதியதில் கிளாஸ் வைத்த வட்டம் இருக்கும். கடலோரத்திலிருந்து வரும் மனுவை உறை பிரிப்பதற்கு முன்பே வாடையை வைத்துச் சொல்லிவிடலாம். அனைத்துக்கும் எண் போட்டேன். தாள் அழுக்கு என்று ஒன்றைக்கூடத் திருப்பியதில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்பது கீழே விளங்கும். நானாக மனு எழுதுவது இதுவே முதல் தடவை, நீளமாகிவிட்டால் தாங்கள் பொறுத்தருள வேண்டும்.

2. என் ஒரே மகள் சிவப்ரியாவுக்குக் கடந்த ஆவணியில் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை ஹரிஹரன் நாகப்பட்டினத்துக்காரர். கீழவாஞ்சூர் துறைமுகத்துக்கு வந்துபோகும் லாரிகளின் கணக்கைப் பார்க்கும் அலுவலகத்தில் வேலை. நாள் முழுக்க நிலக்கரி லாரிகளுக்கு நடுவில் இருந்துகொண்டு வெளிர் நிறச் சட்டைதான் போடுவேன் என்பார், அது ஒன்றைத் தவிர அவர்மீது எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. தங்கமான பையன். தலை தீபாவளிக்கு அவருக்கு என்ன எடுக்கலாம் என்று மகளிடம் கேட்டேன். “அப்பா, நீங்க எப்பவும் போல பீஸ் வாங்கித் தைக்கக் குடுத்துடாதீங்க. அவரு பிராண்ட்தான் போடுவாரு. டேக்கை மட்டும் வெட்டிடாதீங்க, அளவு சரியில்லன்னா மாத்திக்கலாம்” என்று கூறினாள். அவள் கூறியபடியே பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில் புதிதாகத் திறந்திருக்கும் குளிர்பதனக் கடைக்குப் போனோம். கடையின் பெயர் ரசீதில் உள்ளது. இங்கேயும் எழுதினால் அதுவும் அவர்களுக்கு விளம்பரமாகிவிடும் என்பதால் தவிர்க்கிறேன்.

3. அங்கே சட்டையின் இடது மார்பில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பறவையைத் தைத்து வைத்திருக்கிறார்கள். அது கொக்கு என்பது என் கருத்து. நாரை என்பது என் மனைவி சந்திரலேகாவின் கருத்து. கடையில் அதை லோகோ என்கிறார்கள். இதே துணியில் பறவை இல்லாமல் என்ன விலை என்று கேட்டேன், பறவை இல்லாமல் வராது என்றார்கள். நடவு முடிந்த வயலில் இதே பறவை கூட்டமாக வந்து நிற்கிறது, அதற்கு யாரும் காசு கேட்பதில்லை. ‘ஸ்லிம் ஃபிட்’ என்று துணியைக் குறைத்துத் தைத்துவிட்டு விலையைக் கூட்டியிருப்பதன் நியாயமும் எனக்கு விளங்கவில்லை. இவை எதுவும் என் புகார் அல்ல. ஊரோடு ஒத்து வாழ் என்று வாங்கிவிட்டேன்.

4. சட்டையின் விலையை இங்கே குறிப்பிடவில்லை. என் மனைவியிடம் பாதி விலைதான் சொல்லியிருக்கிறேன். தாங்கள் அனுப்பும் பதிலிலும் தொகையைக் குறிப்பிட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

5. எங்கள் வீட்டில் புதுத்துணி எதுவானாலும், கைக்குட்டையே ஆனாலும், மஞ்சள் வைத்து, சாமி முன்னால் வைத்து, பிறகுதான் உடுத்துவோம். தாங்களும் இந்த மண்ணில் பணியாற்றுபவர், இதை நான் விளக்க வேண்டியதில்லை. சட்டை என்றால் கீழ் ஓரத்தில் உள்பக்கமாக வைப்பது என் மனைவியின் வழக்கம். இது விலை உயர்ந்த சட்டை என்பதால் (பாதி விலைக்கே அவர் அப்படித்தான் நினைத்தார்) கொஞ்சம் யோசித்தார். கீழே வைத்தால் மாப்பிள்ளை நடக்கும்போது தெரிந்துவிடுமோ என்று சந்தேகம். யார் கண்ணிலும் படாத இடம் எது என்று சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, காலரின் உள்ளே தைத்திருந்த சிறிய துணிப் பட்டையில் ஒரு பொட்டு வைத்தார். அது கம்பெனியின் பெயர் எழுதிய பட்டை. கழுத்துக்குப் பின்னால் மறைந்து கிடக்கும் பெயரை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தார், நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தச் சட்டையிலேயே அதுதான் முக்கியமான இடம் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

6. தீபாவளியன்று காலையில் மாப்பிள்ளை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, சட்டையை டேக்கோடு போட்டுக்கொண்டு வந்து நின்றார். பொத்தான்கள் பூட்டிக்கொண்டன, ஆனால் ஒன்றுக்கும் நிம்மதி இல்லை. திருமணத்தின்போது போட்ட சட்டையின் அளவைச் சொல்லி நான் வாங்கியிருந்தேன். திருமணத்துக்கும் தீபாவளிக்கும் நடுவில் நடந்த விருந்துகளைக் கணக்கில் எடுக்கவில்லை. அவ்விருந்துகளில் என் மனைவியின் பங்கு கணிசமானது. “கொஞ்சம் புடிக்குது மாமா, பரவால்லைங்க” என்று சொல்லிக்கொண்டே காலில் விழ முயன்றார். சட்டை அனுமதிக்கவில்லை. பாதி வழியில் நின்று கும்பிட்டார், நாங்களும் பாதி வழிக்குக் குனிந்து ஆசீர்வதித்தோம். பிறகு உட்கார்ந்தவர் இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டார். தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை இரண்டு இட்லியோடு எழுந்தால் ஒரு மாமியாருக்கு எப்படி இருக்கும் என்பதைத் தங்கள் யோசனைக்கே விடுகிறேன். சட்டையைக் கழற்றி என் பழைய சட்டையைக் கொடுத்த பிறகுதான் நன்றாகச் சாப்பிட்டார்.

7. பண்டிகை முடிந்து கடை திறந்ததும் நானும் என் மனைவியும் சட்டையை எடுத்துக்கொண்டு போனோம். அங்கே அம்பகரத்தூரிலிருந்து வந்து வேலை பார்க்கும் அல்லி என்ற பெண் ரசீதைப் பார்த்தார், டேக்கைப் பார்த்தார், எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். கடைசியாகக் காலரைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேலாளரை அழைத்தார். மேலாளர் மரியாதையானவர், எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அதன் பிறகு நடந்த பேச்சை அப்படியே தருகிறேன். “கறை பட்ட பீஸை எடுக்க முடியாதுங்கம்மா. அதுவும் லேபிள்லயே இருக்கு” என்றார் மேலாளர். “கறை இல்லீங்க தம்பி, மஞ்சள். நான்தான் வச்சேன்” என்றார் என் மனைவி. “எதுவா இருந்தாலும் கறைதானேம்மா” என்றார் மேலாளர். அவர் கோபமாகச் சொல்லவில்லை, சிரித்த முகமாகத்தான் சொன்னார். வாசல்வரை வந்த அல்லி, “எங்க வீட்லயும் வைப்போம்மா. கம்ப்யூட்டர்ல அதுக்கு இடம் இல்ல, அதான்” என்று மெல்லக் கூறினார். இதைக் குறிப்பிட்டதால் அப்பெண்ணின் வேலைக்குப் பங்கம் எதுவும் வராமல் தாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். தருமபுரம் வந்து சேரும்வரை என் மனைவி பேசவில்லை. எங்கள் திருமண வாழ்க்கையில் அவர் பேசாமல் வந்த பயணம் அது ஒன்றுதான்.

8. மறுநாள் கொல்லையிலிருந்து “ஏங்க, இங்க வாங்களேன், சிவந்து போச்சுங்க” என்று குரல் கேட்டுப் போனேன். காலரைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். சோப்புப் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பது அவருக்குத் தெரியாதது அல்ல, அன்றைக்கு இருந்த பதற்றத்தில் மறந்துவிட்டது. நல்ல நாளில் தன் கையால் வைத்த மஞ்சளைத் தன் கையாலேயே தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. இதை அரசு நடையில் எப்படி எழுதுவது என்று தெரியாததால் இப்படியே எழுதுகிறேன். வெயிலில் போட்ட பிறகு சிவப்பு போய்விட்டது. இப்போது வெளுத்த மஞ்சளாக ஒரு நிழல் மட்டும் இருக்கிறது. தாங்கள் பையைப் பிரித்துப் பார்க்கலாம்.

9. சாட்சி: இவ்வூரில் ஜவுளிக்கடை நடத்தும் மதார் சாகிப் அவர்கள். எங்கள் வீட்டுத் துணி எல்லாம் அவரிடம்தான் எடுப்போம். தீபாவளி நேரத்தில் வருபவர்களுக்குத் துணிப் பையோடு சிறிய மஞ்சள் பொட்டலமும் அவரே போட்டுக் கொடுப்பார். மஞ்சள் வைத்த பிறகு அளவு சரியில்லை என்று கொண்டுபோனால், “மஞ்சள் வச்சதுதானே தங்கச்சி, வச்சுட்டுப் போங்க. நல்ல நாள்ல நல்ல கை பட்ட துணி, அதை வாங்க ஆள் இருக்கு” என்பார். நடந்ததை அவரிடம் சொன்னபோது, “அல்லாவே, நான் வையுங்கன்னு பொட்டலம் கட்டிக் குடுக்கிறேன், அவங்க அதைக் கறைங்கிறாங்களா?” என்று கேட்டார். எங்கு வேண்டுமானாலும் வந்து சாட்சி சொல்வதாகக் கூறியுள்ளார். இதைக் கூறும்போது அவர், துபாயில் இருக்கும் தன் மகன் காஜா நஜ்முதீன் அனுப்பிய, நெஞ்சு முழுக்க ஆங்கில எழுத்து ஓடும் டி-ஷர்ட் அணிந்திருந்தார். ஆகவே சாட்சி பிராண்டுக்கு விரோதமானவர் என்று எதிர்த்தரப்பு வாதிட இடமில்லை.

10. இப்போதைய நிலை. தலைப் பொங்கல் வருகிறது. சீர் வரிசைக்குத் துணி எடுத்தாகிவிட்டது. மகளுக்கு எடுத்த புடவையைக் கையில் வைத்துக்கொண்டு என் மனைவி சாமி மாடத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, “புடிக்கலன்னா மாத்தணும்ல, எதுக்குங்க வம்பு” என்று அப்படியே பெட்டியில் வைத்துவிட்டார். துணியே வேண்டாம், கடையில் பரிசு அட்டை வாங்கிக் கொடுத்துவிடுங்கள் என்று மகள் நல்லெண்ணத்தோடு யோசனை சொன்னாள். “அந்த அட்டைக்கு எங்கடி மஞ்சள் வைக்கிறது” என்று கேட்டுப் போனை வைத்துவிட்டார் என் மனைவி. எனக்கு எடுத்த வேட்டியையும் மஞ்சள் இல்லாமல்தான் கொடுத்தார். நான் அதைக் கட்டவில்லை. அவர் கையால் மஞ்சள் வைத்துத் தரும்வரை பழையதையே கட்டிக்கொள்வது என்று இருக்கிறேன். இதை அவரிடம் சொல்லவில்லை, பீரோவைத் திறக்கும்போது அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

11. ரசீதின் பின்பக்கம் உள்ள நிபந்தனைகளை என் மூக்குக் கண்ணாடியோடு பூதக்கண்ணாடியும் வைத்துப் படித்துவிட்டேன். கிழிசல் பற்றி இருக்கிறது, சலவை பற்றி இருக்கிறது, வாசனைத் திரவியம் பற்றிக்கூட இருக்கிறது. மஞ்சள் பற்றி ஒரு சொல் இல்லை. சேறும் டீயும் பட்ட காகிதத்தை அரசாங்கமே எண் போட்டு வாங்கிக்கொள்ளும்போது, ஒரு தாய் வைத்த மஞ்சளைக் கடை வாங்கிக்கொள்ளாதது எந்த வகையில் முறை என்பதே என் கேள்வி.

ஆகவே, (அ) புதுத்துணியில் வைக்கும் மஞ்சளைக் கறையாகவோ சேதமாகவோ கருதக் கூடாது என்று நம் மாவட்டத்துத் துணிக்கடைகளுக்கு அறிவுறுத்தவும், (ஆ) மேற்படி சட்டையை வாங்கிக்கொண்டு, மாப்பிள்ளை குனியவும் நிமிரவும் ஏற்ற அளவில், அதே பறவையோடு வேறு சட்டை தரச் செய்யவும் வேண்டுகிறேன். மன உளைச்சலுக்கு இழப்பீடும் கேட்கலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். என் மனைவியின் மனதுக்கு விலை போடும் துணிச்சல் எனக்கு இல்லை, எனவே கேட்கவில்லை. (இ) மேற்கண்ட இரண்டுக்கும் சட்டத்தில் இடம் இல்லை என்றால், மஞ்சள் கறை அல்ல என்று ஒரே ஒரு வரி எழுதி, வட்ட முத்திரை வைத்து அனுப்பினால் போதும். நான் சொன்னால் அவர் சமாதானத்துக்குச் சொல்வதாக நினைக்கிறார். அரசு முத்திரை சொன்னால் நம்புவார்.

பொங்கலுக்கு முன் தாங்கள் இதைக் கவனிப்பீர்கள் என்ற நம்பிக்கையுடன்,

வை. சோமசேகரன்
(கையொப்பம்)

இடம்: காரைக்கால்
நாள்: 05.01.2026

பின்குறிப்பு: கையொப்பமிட்ட பிறகு, உறை வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் மனுவின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் வைத்திருந்தது. நல்ல காரியமாக வெளியே போகும் காகிதம் ஆயிற்றே என்றார் என் மனைவி. தீபாவளிக்குப் பிறகு அவர் விரலில் மஞ்சளை இன்றுதான் பார்க்கிறேன். அவர் மனுவை முழுவதும் படித்துவிட்டார் என்பதும் தெரியவந்தது. நான்காம் பத்தி குறித்து வீட்டில் தனியாக விசாரணை நடந்துவருகிறது.

அந்தக் கையோடு வேட்டிக்கும் வைத்துவிடச் சொன்னேன். “இருங்க, மொதல்ல இந்தத் தாளை வாங்கிக்கிறாங்களான்னு பார்ப்போம்” என்றார். ஆகவே வேறு தாளில் எழுதாமல் இதையே நாளை நேரில் கொண்டு வருகிறேன். அவரும் உடன் வருகிறார், தங்கள் அலுவலக வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். மனுவின் மீது முடிவு எப்போது வந்தாலும் சரி, இதற்கு எண் போட்டு, பெற்றுக்கொண்டதற்கான சீட்டை மட்டும் அவர் கையிலேயே கொடுக்கச் சொல்லுமாறு வேண்டுகிறேன்.