சிவப்பு விளக்கு எரிகிறது, அம்பு நகரவில்லை

7 ஜூலை 2025, திங்கள்

யாரிடமும் சொல்ல முடியாது, இங்கே எழுதி மூடிவிடுகிறேன்: இன்று சாயந்திரம் கம்பெனி லேப்டாப்புக்கு உப்பு மிளகாய் சுற்றிப் போட்டேன். வயது ஐம்பத்தொன்று. பி.காம். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ரப்பர் பாகங்கள் செய்கிற கம்பெனியில் பர்ச்சேஸ் டிபார்ட்மெண்ட். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற நாகவல்லி மேடம்!

மிளகாய் நெடியில் இருமிக்கொண்டே டில்லிபாபு எட்டிப் பார்த்தார்.

"இன்னாடி இது, யாருக்கு சுத்துற?"

"லேப்டாப்புக்கு."

"நான் நெஞ்சுல ஸ்டென்ட்டு வெச்சிகினு வந்தப்போகூட நீ சுத்தல."

புருஷனுக்கு டாக்டர் இருந்தார். இதற்கு யார் இருக்கிறார்கள்?

காலையில் ஆபீசில் மவுஸ் நின்றுவிட்டது. அடியில் சிவப்பு விளக்கு எரிகிறது, திரையில் அம்பு நகரவில்லை. மூன்று யூஎஸ்பி ஓட்டையிலும் மாற்றி மாற்றிச் சொருகினேன். அதே கதை. பென் டிரைவும் தெரியவில்லை. விரலால் தடவுகிற அந்தப் பட்டை இருக்கிறதே, அதில் எனக்குக் கை ஓடாது. தடவித் தடவி, சரக்கு சப்ளை செய்கிற ஆவடி வெண்டரைத் திட்டி எழுதிய மெயிலைப் பூந்தமல்லி வெண்டருக்கு அனுப்பிவிட்டேன். அவர் மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டிருக்கிறார், பாவம்.

சிரிப்பாக எழுதுகிறேனே தவிர, விஷயம் சிரிப்பில்லை. எங்கள் ஆபீசில் சாவுக்கு ஒரு வரிசை உண்டு. மார்ச்சில் அக்கவுண்ட்ஸ் கிரணுக்கு முதலில் யூஎஸ்பி போனது. அப்புறம் மெயில். வெள்ளிக்கிழமை கேட்டில் கார்டைக் காட்டினான், கதவு திறக்கவில்லை. ஹெச்.ஆர். கவரோடு வெளியே வந்தார். போகிறவன் எதையும் காப்பி எடுத்துக்கொண்டு போகக் கூடாதாம், அதற்காக ஓட்டையை முதலில் அடைக்கிறார்கள். பிணத்துக்கு மூக்கில் பஞ்சு வைப்பதுபோல.

வெறும் ரிப்பேராகவும் இருக்கலாம். இருக்கலாமில்லையா?

8 ஜூலை, செவ்வாய்

வைத்தியம் நடக்கிறது. அணைத்துப் போட்டேன். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் வேம்புலி அம்மனை நினைத்தேன். வீடியோவில் சொன்னது முதல் பாதிதான், அம்மன் என் சேர்மானம். பலனில்லை.

காது குடைகிற பட்ஸால் ஓட்டைகளைச் சுத்தம் செய்தேன். ஒரு காராபூந்தி வந்தது. கோபி காலத்துக் காராபூந்தி. இது முன்பு அவனிடம் இருந்த லேப்டாப். பொங்கலுக்குப் பிறகு அவனுக்குப் புதுசு வந்தது. என்னுடையது கீல் உடைந்து வாய் பிளந்து கிடந்ததால், "இத வெச்சிக்கோக்கா, நல்லா ஓடும்" என்று என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.

சிஸ்டம் டிபார்ட்மெண்ட் யுவராணியைக் கேட்டால் ஒரு நிமிட வேலை. கேட்க மாட்டேன். "ஆமா மேடம், லிஸ்ட்ல உங்க பேரு இருக்கு" என்று சொல்லிவிட்டால்? கேன்டீனில் அவள் எதிரே வந்தாள். தயிர்சாதத்தோடு தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். தூண் ஒல்லி. நான் அப்படியில்லை.

9 ஜூலை, புதன்

வியாதி இல்லை இது.

டில்லிபாபுவின் போனைக் கேபிளில் மாட்டிப் பார்த்தேன். சார்ஜ் ஏறுகிறது, லேப்டாப் மட்டும் அதை அடையாளம் காட்டவில்லை. கரண்ட் வருகிறது என்றால் ஓட்டை உயிரோடுதான் இருக்கிறது. கருவிகளின் பட்டியலைத் திறந்தேன். மவுஸின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம். அதைத் தொட்டதும் ஆங்கிலத்தில் ஒரு வரி: இந்தக் கருவியை இணைக்க நிர்வாகத்தின் கொள்கை அனுமதிக்கவில்லை.

யாரோ உட்கார்ந்து, என் ஓட்டைகளைப் பார்த்து, மூடியிருக்கிறார்கள்.

என்ன தப்பு செய்தேன்? நிறைய. கூழ் ஊற்றும் விழாவுக்கு எங்கள் கள்ளிக்குப்பம் தெருவுக்கே நோட்டீஸ் அடித்தது இந்த லேப்டாப்பில்தான். அதைவிட மோசம், "ரேட் கம்பேரிசன் பழையது" என்று பெயர் வைத்த ஒரு ஃபைல். உள்ளே ரேட் கிடையாது. மேனேஜர் ராஜசேகரன் சாரைப் பற்றிப் பல வருஷமாக எழுதி வைத்த கிண்டல். அவர் கொட்டாவி விடும்போது மேசையிலிருக்கும் காலண்டர் தாள் திரும்புகிறது என்பது முதல் சகலமும். அதைப் படித்துவிட்டார்களோ! பென் டிரைவில் எடுத்துக்கொண்டு ஓடலாம் என்றால், ஓட்டைதான் அடைத்திருக்கிறதே. மத்தியானம் அழித்துவிட்டேன். நன்றாக எழுதியிருந்தேன், சத்தியமாக.

டில்லிபாபுவிடம் சொல்லவில்லை. ஸ்டென்ட் வைத்த பிறகு லேத் பட்டறையை மூடிவிட்டு மாத்திரை டப்பாவும் டிவியுமாக இருக்கிற மனுஷன். வீட்டுக்கு வருவது என் ஒரு சம்பளம். அவர் ஆஸ்பத்திரி இன்சூரன்சும் என் கம்பெனி போட்டது. வேலை போனால் அதுவும் போகும். அவருக்கு மறுபடி வலி வந்தால்?— வேண்டாம். எழுத வேண்டாம்.

ராத்திரி சாப்பாட்டில், "இன்னா நாகு, இன்னிக்கு ஜோக்கே காணோம்?" என்றார்.

10 ஜூலை, வியாழன்

கோபியிடம் உளறிவிட்டேன். பக்கத்து மேசை, என்னைவிட ஏழெட்டு வயது சின்னவன், செம்பரம்பாக்கத்திலிருந்து வண்டியில் வருகிறவன். என் முகத்தைப் பார்த்ததும் அவனே ஆரம்பித்தான்.

"இன்னாக்கா, மூஞ்சி ஊசிப்போன வடகறி மாதிரி கீது?"

"யூஎஸ்பி போச்சுடா."

அவன் சிரிக்கவில்லை. கிரணை அவனும் பார்த்தவன்தானே. என் லேப்டாப்பைத் திருப்பி, தன் மவுஸைச் சொருகிப் பார்த்தான். எடுத்துத் தன் புது லேப்டாப்பில் சொருகினான். அங்கே அம்பு ஓடியது.

"வேற எங்கயும் சொல்லாதடா. நான் போனா அவரு ஆஸ்பத்திரி செலவு..." பர்ச்சேஸ் டிபார்ட்மெண்டில் அழுத முதல் பொம்பளை நான்தான். வெண்டர்கள்தான் இதுவரை அழுதிருக்கிறார்கள்.

மூன்று மணிக்கு ராஜசேகரன் சார் ரூமுக்குள் போனான் பாவி. வெளியே வந்து சொல்கிறான்:

"ஓப்பனா கேட்டுட்டேன்க்கா. அக்கா ஊட்ல ஒரே சம்பளம் சார், அவங்கள உட்டுடுங்க, ஒருத்தர அனுப்பியே ஆவணும்னா என்னை அனுப்புங்கன்னு."

"அறிவிருக்காடா ஒனக்கு?"

"எனக்கின்னா, ஏரிக்கரையில குடோன் வாடக வருது."

"அவரு என்ன சொன்னாரு?"

"பேனா மூடியத் தேடினாரு. கையிலயே வெச்சிகினு தேடினாரு. கண்ணு கலங்கிப் போச்சுக்கா அந்த ஆளுக்கு."

கலங்கினாரா? அப்படியென்றால் என் பெயர் இருப்பது உறுதி.

11 ஜூலை, வெள்ளி

கேட்டில் கண்ணை மூடிக்கொண்டு கார்டைக் காட்டினேன். கதவு திறந்தது.

பதினொரு மணிக்குக் கோபியைக் கூப்பிட்டார்கள்.

திரும்பி வந்தவன் கையில் கவர். என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "சொன்னேன்ல?" என்றான். பிள்ளைகளின் போட்டோக்களைத் தன் பென் டிரைவில் நிதானமாக ஏற்றிக்கொண்டான். அவனுக்குக் கடைசி நிமிடம்வரை யூஎஸ்பி வேலை செய்தது. அவன் லிஸ்டிலேயே இல்லை என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? என் இடத்தில் அவனை ஏற்றிவிட்டார்கள்.

பஸ்ஸில் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டு எதற்கு? வந்தது. அம்பத்தூர் ஓ.டி. தாண்டுவதற்குள் அதைப் பார்த்தே பயம் வந்துவிட்டது.

12 ஜூலை, சனி

டில்லிபாபுவிடம் எல்லாம் சொன்னேன். டிவியை அணைத்துவிட்டு, "நாளைக்கு அவன் ஊட்டுக்குப் போலாம்" என்றார்.

13 ஜூலை, ஞாயிறு

இரண்டு பேரும் செம்பரம்பாக்கம் போனோம். ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன், என்னமோ கோபிக்கு ஆபரேஷன் ஆனமாதிரி.

அவன் மனைவி வடிவு எங்களை வாங்க என்று கூப்பிட்டாள், காப்பி கொடுத்தாள். டம்ளரை வைத்த சத்தத்தில் மீதி எல்லாம் இருந்தது. அவள் மாமியார் வீட்டு ஆட்கள், எதிர்வீட்டுக்காரர், எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது. எதிர்வீட்டுக்காரர் டில்லிபாபுவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் காலத்துல எவன் நைனா செய்வான், கூடப் பொறந்தவன்கூட செய்ய மாட்டான்" என்றார். கோபி வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தான். சட்டை இஸ்திரி போட்டிருந்தான். வேலை போனவன் மாதிரியே இல்லை, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தான்.

சமையல்கட்டில் வடிவு என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "குடோன் அவரு அண்ணனோடது. வாடகையில ஒரு பைசா எங்களுக்கு வராது. ஒங்க கிட்ட வேற மாரி சொன்னாரா?"

நான் ஆப்பிளைக் கழுவினேன். கழுவின ஆப்பிளையே மறுபடி கழுவினேன்.

"உடுங்க," என்றாள். "பத்து வருசமா அந்த அண்ணன் முன்னாடி தல குனிஞ்சிகினு இருந்த மனுசன். நேத்து அந்த அண்ணனே வந்து இவரக் கட்டிப் புடிச்சிகினாரு. அதுவாச்சும் கெடைச்சுதே."

14 ஜூலை, திங்கள்

இன்னும் பயம்தான். இப்போது எதற்கென்று தெரியாத பயம். பக்கத்து மேசை காலி.

15 ஜூலை, செவ்வாய்

மவுஸ் நகர்கிறது. பென் டிரைவும் தெரிகிறது. எல்லாம் சரியாகிவிட்டது.

சாயந்திரம் கோபி போன் செய்தான். வேலப்பன்சாவடியில் ஒரு காலேஜ் ஸ்டோரில் ஆள் கேட்கிறார்களாம், நாளைக்குப் பார்க்கப் போகிறானாம்.

"போர்ட்டு வேல செய்தாக்கா?"

"செய்யுதுடா."

"பாத்தியா? நான் பேசினதுதான். மறுநாளே ஒம் பேர எடுத்துட்டானுங்க."

"ஆமாண்டா," என்றேன். "நீ பேசினதுதான்."

"காலேஜ்ல ஏன் வேலைய உட்டேன்னு கேட்டா இதையே சொல்லிடட்டா?"

"தைரியமா சொல்லு. என்னைக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்."

சொல்வேன். இங்கே மட்டும் நிஜத்தை எழுதி வைக்கிறேன்.

மத்தியானம் யுவராணி தானாகவே என் மேசைக்கு வந்தாள். லேப்டாப்பைத் திருப்பி அடியிலிருந்த நம்பரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "சாரி மேடம், இந்த மெஷின் இன்னும் கோபி சார் பேர்லயேதான் இருக்கு, உங்க பேருக்கு யாருமே மாத்தல, அவர் புது மெஷினையும் அவர் பேர்ல ஏத்தல. அவர் யூஎஸ்பிய லாக் பண்ணச் சொன்னாங்க, உங்களுது லாக் ஆயிடுச்சு. லிஸ்ட் போன மாசமே வந்தது. அவர் ஒருத்தர் பேர்தான் இருந்தது."